சென்னை க்ஷேத்திர தரிசனம்: எந்தப் பேட்டையில் தங்குவது?

1639-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் கோட்டை கட்ட நிலம் பெற்றபோது, இன்று சென்னை என்று வழங்கும் மாநகரம் இல்லை. ஆனால் மயிலை இருந்தது, திருவல்லிக்கேணி இருந்தது, வடக்கே திருவொற்றியூரும் தெற்கே திருவான்மியூரும் இருந்தன. நாயன்மார்களும் ஆழ்வார்களும் பாடிப் பரவிய இந்தத் தலங்களைத் தன்னுள் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு வளர்ந்ததே பட்டணம். ஆகவே சென்னைக்கு வரும் அடியார் ஒருவர் ஒரே நகரத்திற்கு வருவதாகத் தோன்றினாலும், உண்மையில் பல திருத்தலங்களுக்கு யாத்திரை வருகிறார்.

இதில்தான் ஒரு சிக்கலும் இருக்கிறது. ஸ்ரீரங்கத்திலோ சிதம்பரத்திலோ எங்கே தங்கினாலும் கோயில் அருகில்தான் இருக்கும். சென்னையில் அப்படியில்லை. திருவொற்றியூருக்கும் திருவான்மியூருக்கும் இடையே சாலை வழியே இருபது கிலோமீட்டருக்கும் மேல். நடுவே உள்ள போக்குவரத்து நெரிசலைத் தாண்டுவதற்கு ஒரு வேளைப் பொழுதே கழிந்துவிடும். எந்தப் பேட்டையில் தங்குகிறோம் என்பதைப் பொறுத்தே எத்தனை தரிசனம், எத்தனை செலவு, எத்தனை களைப்பு என்பவை அமைகின்றன.

முற்காலத்தில் இந்தக் கவலையைச் சத்திரங்கள் தீர்த்தன. ரயிலில் வந்திறங்கும் வழிப்போக்கருக்கென்று சென்ட்ரல் நிலையத்திற்கு எதிரிலேயே ராஜா சர் ராமசாமி முதலியார் சத்திரம் எழுந்தது. அதற்கும் முன்னதாக, 1782-இல் பஞ்சம் வாட்டியபோது வடசென்னையில் கஞ்சி வார்க்கத் தொடங்கிய மணியக்காரர் சத்திரமே பின்னாளில் மருத்துவமனையாக வளர்ந்தது. இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று முதியவர்கள் சொல்லுவதற்கு அதுவே காரணம். இன்று சத்திரங்களின் இடத்தில் லாட்ஜுகளும், நாள் வாடகைக்கு விடும் சர்வீஸ் அபார்ட்மெண்ட் வீடுகளும் வந்துவிட்டன. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு யாத்திரிகரையே சேர்ந்துவிட்டது.

நடை சாத்தும் நேரம்

வாடகை குறைந்த அறையைத் தேடுவதுதான் சிக்கனம் என்று பலரும் எண்ணுகின்றனர். வயது முதிர்ந்த அடியார்களைப் பொறுத்தவரை, அதற்கு முன்பாக எண்ணிப் பார்க்க வேண்டியது வேறொன்று உண்டு. அதுவே கோயில் நடை சாத்தும் நேரம்.

சென்னையின் பெரிய கோயில்களில் பெரும்பாலும் நண்பகல் 12 மணி அளவில் நடை சாத்தப்பட்டு, மாலை 4 மணி அளவில் மீண்டும் திறக்கப்படுகிறது. இடைப்பட்ட நான்கு மணி நேரத்தை ஓர் இளைஞர் கடைவீதியில் சுற்றிக் கழித்துவிடுவார். எழுபது வயதைக் கடந்தவருக்கு அப்போதுதான் சாப்பாடும் மாத்திரையும் சற்றே படுக்க ஓர் இடமும் வேண்டியிருக்கின்றன. தங்குமிடம் தொலைவில் இருந்தால் இருவழிதான். வெயிலில் திரும்பிச் சென்று மாலையில் மறுபடி வர வேண்டும். அல்லது மாலைத் தரிசனத்தையே விட்டுவிட வேண்டும்.

கணக்கிற்காக ஓர் உதாரணம். தஞ்சாவூரிலிருந்து ஒரு முதிய தம்பதியர் வருகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். புறநகரில் ஓர் அறை ₹900. கோயிலருகே ஓர் அறை ₹1,400. ஒரு வழி ஆட்டோ கட்டணம் ₹200 எனக் கொண்டால், புறநகரில் தங்குபவர் காலையில் சென்று, மதியம் திரும்பி, மாலையில் மறுபடி சென்று, இரவு திரும்ப நான்கு சவாரிக்கு ₹800 ஆகிறது. அறையும் சேர்த்து ₹1,700. கோயிலருகே தங்குபவருக்கு ₹1,400-உடன் முடிந்துவிடுகிறது. மதியம் திரும்பாமல் எங்கேனும் உட்கார்ந்திருந்தால் புறநகர் அறைக்காரருக்கு ₹1,300-தான் ஆகும். நூறு ரூபாய் மிச்சம். ஆனால் அந்த நூறு ரூபாய்க்காகச் சர்க்கரை நோயாளி ஒருவர் நான்கு மணி நேரம் திண்ணையில் காத்திருந்து, மாலையில் தலைசுற்றலுடன் சந்நிதி வரிசையில் நிற்பது தகுமா என்பதை வீட்டாரே முடிவு செய்துகொள்ளலாம்.

அறை வாடகை, நாளொன்றுக்கான சவாரிச் செலவு, மதிய ஓய்வு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதே சரியான கணக்கு. அந்தக் கணக்கின்படி சென்னையின் பேட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

திருவல்லிக்கேணி: சிக்கனத்தில் முதலிடம்

நூற்றெட்டு திவ்விய தேசங்களுள் ஒன்றான திருவல்லிக்கேணியில் வேங்கடகிருஷ்ணனாக மீசையுடன் எழுந்தருளியிருக்கிறான் எம்பெருமான். ரங்கநாதர், ராமர், கஜேந்திர வரதர், நரசிம்மர் ஆகியோரும் தனித்தனிச் சந்நிதி கொண்டிருப்பதால், ஒரு வலம் வந்தாலே பல திருக்கோலங்களைச் சேவிக்க முடிகிறது. நரசிம்மர் மேற்கு நோக்கி எழுந்தருளியிருப்பதால் இங்கே கொடிமரங்களும் இரண்டு.

இந்தப் பேட்டையில் வாடகை குறைவாக இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. வேலை தேடியும் படிப்பிற்காகவும் வெளியூரிலிருந்து வந்த இளைஞர்களுக்காக இங்கே ‘மேன்ஷன்’ என்னும் விடுதிகள் பெருகின. அவர்களை நம்பி மலிவான மெஸ்களும், அதிகாலையிலேயே அடுப்பு மூட்டும் சிற்றுண்டிச்சாலைகளும் தோன்றின. மேன்ஷன்கள் பெரும்பாலும் ஆண்களுக்கு மாத வாடகைக்கு விடும் அறைகள். குடும்பத்துடன் வருபவர்களுக்கு அவை ஏற்றவையல்ல. ஆயினும் அதே வட்டாரத்தில், வாலாஜா சாலை, திருவல்லிக்கேணி நெடுஞ்சாலைப் பகுதிகளில் குடும்பத்தினர் தங்கத்தக்க லாட்ஜுகள் பல உண்டு. அறை கேட்கும்போதே ‘குடும்பத்துடன் தங்கலாமா?’ என்று கேட்டுவிடுவது முறை.

பறக்கும் ரயிலின் திருவல்லிக்கேணி நிலையம் கோயிலிலிருந்து நடக்கும் தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து கலங்கரை விளக்கம், முண்டகக்கண்ணியம்மன் கோயில் நிலையங்களைத் தாண்டினால் மூன்றாவது நிலையமே திருமயிலை. பாரதியார் வாழ்ந்த இல்லம் கோயிலை ஒட்டிய துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் நினைவில்லமாகத் திகழ்கிறது. 1897-இல் சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாட்கள் தங்கிய இல்லமும் மெரினா கடற்கரைச் சாலையில் அருகிலேயே இருக்கிறது.

குறைகளும் உண்டு. பழைய கட்டடங்களில் படிகள் செங்குத்தானவை. லிஃப்ட் இல்லாதவை மிகுதி. பறக்கும் ரயில் நிலையங்கள் உயரத்தில் அமைந்திருப்பதால் அங்கும் படியேற்றம் இருக்கும். சேப்பாக்கம் மைதானம் பக்கத்திலேயே இருப்பதால் பெரிய கிரிக்கெட் போட்டி நடக்கும் நாட்களில் அறை கிடைப்பது அரிது. சித்திரையில் பார்த்தசாரதிப் பெருமாளுக்கும் ஆனியில் அழகியசிங்கருக்கும் பிரம்மோற்சவம் நடைபெறும். வைகுண்ட ஏகாதசியன்று கூட்டம் சொல்லி மாளாது. அந்நாட்களில் வருபவர்கள் வெகு முன்னதாகவே அறைக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

மயிலாப்பூர்: தலங்கள் செறிந்த ஊர்

ஞானசம்பந்தப் பெருமான் பூம்பாவையை உயிர்ப்பித்த மயிலையில் கபாலீசுவரரும் கற்பகாம்பாளும் அருள்பாலிக்கின்றனர். பேயாழ்வார் அவதரித்த தலமும் இதுவே. ஆதிகேசவப் பெருமாள், மாதவப் பெருமாள், வெள்ளீசுவரர், முண்டகக்கண்ணியம்மன், கோலவிழியம்மன் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்தே செல்லும்படி கோயில்கள் நெருங்கியிருப்பது வேறு எந்தப் பேட்டைக்கும் இல்லாத சிறப்பு. ராமகிருஷ்ண மடத்தின் ஆலயமும் இங்கேயே இருக்கிறது.

ஆனால் திருவல்லிக்கேணியை நோக்க இங்கே லாட்ஜுகள் குறைவு. வாடகை சற்றுக் கூடுதல். ஒரே இரவு தங்குபவருக்கு இது பாரமாகத் தோன்றலாம். நான்கைந்து பேர் சேர்ந்து வந்து, மூன்று நாட்களேனும் தங்குவதானால் சர்வீஸ் அபார்ட்மெண்ட் எடுப்பது நலம். சமையலறை இருப்பதால் பத்தியச் சாப்பாட்டிற்கு வழி உண்டு, கஞ்சி காய்ச்சிக்கொள்ளலாம், வெந்நீர் போட்டுக்கொள்ளலாம். வாடகையைப் பகிர்ந்துகொண்டால் தலைக்கு ஆகும் செலவு லாட்ஜ் அறையை ஒட்டியே வந்துவிடும்.

பங்குனி உற்சவத்தின்போது, குறிப்பாக அறுபத்துமூவர் விழாவன்று, மாட வீதிகளில் வாகனம் நுழையவே முடியாது. அன்று அறை மாட வீதிக்கு அருகில் இருந்தால் பெரும்பேறு. தொலைவில் இருந்தால் பெரும்பாடு. மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டப் பணிகளால் லஸ் பகுதிச் சாலைகளில் மாற்றுப்பாதைகள் ஏற்பட்டிருக்கின்றன. ஆட்டோவில் ஏறுவதற்கு முன்பே எந்த வழியாகச் செல்வார் என்பதையும் கட்டணத்தையும் பேசிக்கொள்வது நல்லது.

மயிலைக் கோயில்களை மட்டும் தரிசிக்க விரும்புபவர், சிக்கனம் கருதித் திருவல்லிக்கேணியில் தங்கினாலும் குறையில்லை. பார்த்தசாரதி கோயிலுக்கும் கபாலீசுவரர் கோயிலுக்கும் இடைப்பட்ட தூரம் சுமார் 3 கிலோமீட்டர்தான். மதியம் அறைக்குத் திரும்பி வந்து படுப்பதும் இயலும்.

மேற்கு மாம்பலம்: வைதிகர்களின் பேட்டை

சிராத்தம், சஷ்டியப்தபூர்த்தி, சதாபிஷேகம் போன்ற கர்மாக்களை முன்னிட்டுச் சென்னைக்கு வரும் குடும்பங்கள் பல. அவர்களுக்கு மேற்கு மாம்பலமே வசதியானது. வாத்தியார்களும், மடிச் சமையல் செய்து தருபவர்களும், பூஜைப் பொருள் கடைகளும் இந்த வட்டாரத்தில் நிறைந்திருக்கின்றன. அபரக் கர்மாக்களுக்குப் பேர்பெற்ற ஞானவாபியும் இங்கேதான் உள்ளது. கோதண்டராமர் கோயில், காசி விசுவநாதர் கோயில், சத்திய நாராயணர் கோயில் ஆகியவை நடந்து செல்லும் தூரத்தில் இருக்கின்றன. மாலையில் அயோத்தியா மண்டபத்தில் உபந்நியாசமோ பஜனையோ கேட்டுவிட்டு, வாகனத்தைத் தேடாமல் வீடு திரும்பலாம்.

போக்குவரத்து வசதியிலும் இப்பேட்டை குறைந்ததில்லை. தாம்பரம்–கடற்கரை மின்சார ரயில் மாம்பலத்தில் நிற்கிறது. தென்மாவட்ட ரயில்களிலும் சில மாம்பலத்தில் நிற்பதால், எழும்பூர் வரை சென்று திரும்பி வர வேண்டிய அவசியமும் சில வேளை இராது. நிலையத்திற்கு மறுபுறம் தியாகராய நகர். ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாலம் 2023 மே மாதம் திறக்கப்பட்டது. லிஃப்டும் நகரும் படிகளும் கொண்டிருப்பதால், கடைவீதிக் கூட்டத்தில் இடிபடாமல் முதியவர்கள் கடந்து செல்ல ஏதுவாயிற்று. வேங்கடநாராயணா சாலையில் உள்ள திருப்பதி தேவஸ்தானத்தின் பெருமாள் கோயிலுக்கும் அங்கிருந்து செல்லலாம்.

மழைக்காலத்தில் மட்டும் இங்கே அறை எடுக்குமுன் யோசிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மேற்கு மாம்பலத்தின் சில தெருக்களில் நீர் தேங்குவது வழக்கம். மாம்பலத்துக் கொசுவோ ஊரறிந்த ஒன்று. தரைத்தளத்தில் அறை எடுக்காமல் முதல் மாடியில் எடுப்பதும், ஜன்னலில் கொசுவலை இருக்கிறதா என்று கேட்பதும் நலம்.

எழும்பூரும் சென்ட்ரலும்: ஒரே இரவுக்கு

அதிகாலையில் ரயிலிலிருந்து இறங்கி, மறுநாளே ஊர் திரும்புபவர்களுக்கு எழும்பூர் கென்னத் லேன் பகுதியும் சென்ட்ரலை ஒட்டிய பெரியமேடும் பழகிய இடங்கள். பலதரப்பட்ட வாடகையில் லாட்ஜுகள் இருக்கின்றன. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 1819-இல் தொடங்கப்பட்ட அரசு கண் மருத்துவமனை எழும்பூரிலேயே இருப்பதால், கண் சிகிச்சையையும் கோயில் தரிசனத்தையும் ஒரே பயணத்தில் வைத்துக்கொள்பவர்களுக்கு இது ஏற்ற இடம்.

எழும்பூர், சென்ட்ரல் ஆகிய இரண்டிலும் மெட்ரோ உண்டு. மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் இருப்பது முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பேருதவி. எழும்பூரில் ஏறினால் வண்டி மாறாமலே வடபழனி சென்றுவிடலாம். சென்ட்ரலிலிருந்து மற்றொரு தடத்தில் வடக்கே சென்றால் மண்ணடி, அதனைக் கடந்து திருவொற்றியூர் தேரடி. மண்ணடி நிலையத்தில் இறங்கிக் காளிகாம்பாளையும் கந்தகோட்டத்து முருகனையும் தரிசிக்கலாம். காளிகாம்பாள் சந்நிதியில் 1677-இல் சத்ரபதி சிவாஜி வழிபட்டார் என்று கூறப்படுகிறது. கந்தகோட்டமோ வள்ளலார் பாடிப் பணிந்த தலம்.

பௌர்ணமியன்று மூன்று அம்மன்களைத் தரிசிக்கும் விரதம் மேற்கொண்டவர்களுக்குச் சென்ட்ரலே சரியான தங்குமிடம். காலையில் மீஞ்சூரை அடுத்த மேலூரில் திருவுடையம்மன், உச்சிப்பொழுதில் திருவொற்றியூரில் வடிவுடையம்மன், மாலையில் வடதிருமுல்லைவாயிலில் கொடியிடையம்மன் என்பது மரபு. மீஞ்சூருக்கும் திருமுல்லைவாயிலுக்கும் செல்லும் இரு வேறு தடங்களின் புறநகர் ரயில்களும் சென்ட்ரலில்தான் புறப்படுகின்றன. ஆனால் ஒரே நாளில் மூன்று இடங்களிலும் வண்டி மாறி மாறி ஏறி இறங்குவது முதியவர்களுக்குக் கடினம். நான்கு பேராகச் சேர்ந்து ஒரு வாடகைக் காரை நாள் முழுவதற்கும் பேசிக்கொண்டால் செலவும் பகிர்ந்துபோகும். மூன்று வேளைத் தரிசனமும் தவறாது.

கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாட்கள் மட்டும் திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் கவசமின்றித் திருமேனி தரிசனம் தருவார். அப்போது வருபவர்களும் சென்ட்ரலிலேயே தங்கி மெட்ரோவில் சென்று வருவது எளிது.

சென்ட்ரல் பக்கம் இரவும் பகலும் ஓயாத சந்தடி இருக்கும். தூக்கம் எளிதில் கலைந்துவிடும் இயல்புடையவர்கள் சாலையைப் பார்த்த அறையைத் தவிர்த்து, உட்புற அறையாகக் கேட்டு வாங்க வேண்டும்.

வடபழனி: முகூர்த்த நாளைப் பார்த்து

அண்ணாசாமித் தம்பிரானின் பக்தியால் சிறு கீற்றுக்கொட்டகையில் தொடங்கியதாகச் சொல்லப்படும் வடபழனி ஆண்டவர் கோயில், 2022 ஜனவரியில் கும்பாபிஷேகம் கண்டது. மெட்ரோ நிலையம் அருகில், லாட்ஜுகள் மிகுதி, எல்லா வகை வாடகையிலும் அறைகள் உண்டு. கோயம்பேட்டில் லவகுசர் வரலாற்றோடு தொடர்புடைய குறுங்காலீசுவரரையும் வைகுண்டவாசப் பெருமாளையும் மெட்ரோவிலேயே சென்று சேவித்துவரலாம்.

இங்கே அறை எடுப்பதற்கு முன் பஞ்சாங்கத்தைப் பார்க்க வேண்டும். முகூர்த்த நாட்களில் கோயிலில் திருமணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடைபெறும். கல்யாண வீட்டார் சுற்றுவட்டார அறைகளை மொத்தமாக எடுத்துவிடுவார்கள். மிஞ்சிய அறைகளின் வாடகையும் ஏறிவிடும். முகூர்த்தமில்லாத வாரநாளில் அதே அறை குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். முருகன் சந்நிதியில் நின்று நிதானமாகத் தரிசிக்கவும் முடியும்.

பிள்ளைகள் வீடு இருக்கும்போது விடுதி எதற்கு?

இந்தக் கேள்வி பல குடும்பங்களில் எழுகிறது. மகனோ மகளோ சோழிங்கநல்லூரிலோ சிறுசேரியிலோ கூடுவாஞ்சேரியிலோ அடுக்குமாடி வீடு வாங்கியிருக்கிறார்கள். பெற்றோர் வந்து மாதக்கணக்கில் தங்குகிறார்கள். ஆனால் அங்கிருந்து மயிலைக்குச் சென்று திரும்ப அரை நாளுக்கு மேல் ஆகிறது. பிள்ளைகளுக்கு வார நாட்களில் அலுவலகம், ஞாயிறன்று ஓய்வு. அழைத்துப் போகச் சொல்லக் கூச்சப்பட்டே, கபாலி கோபுரத்தைக் காணாமல் ஊர் திரும்பும் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு இரவு திருவல்லிக்கேணியிலோ மாம்பலத்திலோ தங்கிக்கொள்கிறோம் என்று சொன்னால், ‘சொந்த வீடு இருக்க லாட்ஜில் தங்குவதா? நாலு பேர் என்ன சொல்வார்கள்?’ என்று பிள்ளைகள் மனம் வருந்தக்கூடும். முன்கூட்டியே எடுத்துச் சொல்லிவிட்டால் அந்த வருத்தம் எழாது. வெள்ளிக்கிழமை மாலை மகன் கொண்டுவந்து விட்டு, ஞாயிறு மாலை வந்து அழைத்துப் போகலாம். இடைப்பட்ட இரு நாட்களும் பெரியவர்கள் தங்கள் கால்போன போக்கில், தங்கள் வேகத்தில், தங்களுக்குப் பிடித்த சந்நிதியில் வேண்டிய நேரம் நிற்கலாம். கண்ணாரக் கண்டு, காதாரக் கேட்டு, பிறரைக் காக்கவைக்கிறோமே என்ற தவிப்பின்றி வழிபடும் வாய்ப்பு முதுமையில் எளிதாகக் கிடைப்பதன்று. பேரப்பிள்ளை ஒருவரையும் உடன் அழைத்துச் சென்றால், மாட வீதியும் திருக்குளமும் அந்தக் குழந்தைக்கும் சொந்தமாகிவிடும்.

அறை பேசும்போது கேட்க வேண்டியவை

முதலாவது, நாள் கணக்கு. சில விடுதிகளில் நண்பகல் முதல் நண்பகல் வரை ஒரு நாள். சிலவற்றில் அறைக்குள் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம். தென்மாவட்ட ரயில்கள் பல விடியற்காலையில் வந்து சேர்கின்றன. நண்பகல் கணக்குள்ள விடுதியில் காலை 5 மணிக்கு அறை எடுத்தால், 12 மணிக்கே ஒரு நாள் வாடகை தீர்ந்துபோகும். ரயிலில் வருபவர்கள் 24 மணி நேர முறை உள்ள விடுதியைத் தேடுவதால் ஒரு நாள் வாடகை மிச்சமாகும்.

இரண்டாவது, படிகள். லிஃப்ட் இருக்கிறதா, இல்லையெனில் தரைத்தளத்தில் அறை உண்டா, கழிப்பறை மேற்கத்திய முறையிலானதா, குளியலறைத் தரை வழுக்குமா என்பவற்றைக் கூச்சமின்றிக் கேட்க வேண்டும். யாத்திரையில் நேரும் விபத்துகளில் குளியலறையில் வழுக்கி விழுவதே அச்சம் தருவது. வெந்நீர் எந்த நேரத்தில் வரும் என்பதும் முக்கியம். மார்கழியில் விசுவரூப தரிசனத்திற்குச் செல்பவருக்கு ஏழு மணிக்கு வரும் வெந்நீரால் பயனில்லை.

மூன்றாவது, பணம். சொல்லும் வாடகை வரியும் சேர்த்ததா என்று கேட்டறிய வேண்டும். விடுதிகளின் பெயரில் போலி விளம்பரங்கள் செய்து முன்பணம் பறிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே முழுத் தொகையையும் முன்னதாக அனுப்பாமல், அந்த வட்டாரத்தில் உள்ள உறவினர் ஒருவரை நேரில் சென்று பார்க்கச் சொல்வது பாதுகாப்பானது. தங்குபவர் ஒவ்வொருவருக்கும் ஆதார் போன்ற அடையாள அட்டை வேண்டும். அசலுடன் ஒரு நகலும் பையில் இருக்கட்டும்.

நான்காவது, வந்து இறங்கும் இடம். 2023 இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திலேயே தென்மாவட்டப் பேருந்துகள் இப்போது நிற்கின்றன. அது நகரின் நடுப்பகுதியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து ஆட்டோவில் திருவல்லிக்கேணி வரை செல்வது அறை வாடகைக்கு நிகரான செலவாகிவிடக்கூடும். மாநகரப் பேருந்திலோ, அருகிலுள்ள வண்டலூர் நிலையத்தில் மின்சார ரயில் ஏறியோ மாம்பலம், எழும்பூர் சேர்வது சிக்கனம். மாநகரப் பேருந்துகளில் சாதாரணக் கட்டண வண்டிகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. மூத்த குடிமக்களுக்கான இலவசப் பயண டோக்கன் சென்னையில் வசிப்பவர்களுக்கு மட்டுமே என்பதையும் வெளியூர் அன்பர்கள் அறிந்திருக்க வேண்டும்.

எந்தத் திருநாளுக்கு எந்தப் பேட்டை?

எந்த மாதத்தில், எந்தத் தரிசனத்தை வேண்டி வருகிறோம் என்பதைக் கொண்டே பேட்டை முடிவாக வேண்டும். மார்கழியில் திருப்பாவை சேவிக்கவும், மாட வீதி பஜனையில் கலந்துகொள்ளவும் விரும்புபவர் விடியுமுன் கோயிலில் இருக்க வேண்டும். அந்நேரத்தில் பேருந்தை நம்ப முடியாது. அவருக்குத் திருவல்லிக்கேணியிலோ மயிலையிலோ நடந்து செல்லும் தூரத்தில் உள்ள அறை, சற்று வாடகை கூடினாலும் தகும். பௌர்ணமி விரதத்திற்குச் சென்ட்ரல்; பித்ரு காரியத்திற்கு மாம்பலம்; கிருத்திகைக்கு வடபழனி. எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் அடக்க முயல்வதே செலவையும் களைப்பையும் பெருக்குகிறது. இம்முறை இரண்டு தலங்கள், அடுத்த முறை வேறு இரண்டு என்று வகுத்துக்கொண்டால், நடை திறக்கும் வேளையில் கொடிமரத்தடியில் முதல் ஆளாக நிற்கும் தெம்பு உடலில் இருக்கும்.